தொண்ணூறு மைல் மத்து

உலகத்திலேயே நீளமான மத்து எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: தொண்ணூறு மைல். கண்டுபிடித்தவன் அழகேசன், அதாவது நான். கயிறு கட்டாமல், கையால் தொடாமல், அந்த மத்தால் ஒரு தூக்குத் தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்திருக்கிறேன். அந்த வெண்ணெயை டொராண்டோவில் ஒரு மேஜைமேல் வைத்து, ஒரு காட்டுச் சாலைக்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

ரிச்மண்ட் ஹில் கோவிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது இதைச் சொன்னால், முன்னால் நிற்பவர்கள் தட்டோடு திரும்பிச் சிரிப்பார்கள். "ரிட்டயர் ஆனதும் இவருக்கு வாய் நீண்டுவிட்டது" என்பார்கள். தவறு. வாய் அப்போதே இந்த நீளம்தான். சாட்சியும் உண்டு. அந்தச் சாட்சி என்னை ஒரு நாளும் நம்பாத ஆள் என்பதுதான் விசேஷம்.

வருஷம் 1974. சி.என். டவர் அப்போது பாதி உயரத்தில் நின்றது. பஸ் ஸ்டாப்பிலிருந்து தினமும் காலையில் அண்ணாந்து பார்ப்பேன். நான் பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

டான் மில்ஸில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் எனக்கு வேலை. சாலை போடுவது, பழைய சாலையைத் திருத்துவது, அதற்குப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவது. அந்த மாடி முழுக்க வெள்ளைக்காரர்கள்; தமிழர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் நரசிம்மன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், மயிலாப்பூர்க்காரர். அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அதில் பென்சில் சீவலாம். யாரோடும் வாதம் செய்வதில்லை என்று விமானத்திலேயே சபதம் எடுத்து வந்தவர். ஆபீஸில் அவர் வாயிலிருந்து "யெஸ் சார்" தவிர வேறொரு சொல் வந்தால் சுவரில் இருக்கும் கடிகாரம் நின்றுவிடும்.

எங்கள் பெரியவர் வில்லோபி. அவர் தும்மினால் கீழ் மாடியில் டைப் அடிக்கும் பெண்கள் ஒரு வரியைத் தவறவிடுவார்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது முழுக்க இங்கிலீஷ். நான் மரியாதையாகத் தமிழில் தருகிறேன்.

"வடக்கே மூன்று ஏரி என்று ஒரு ஊர். அதற்குப் போகும் மண் சாலையைத் திருத்த வேண்டும் என்று ஊர்க்காரர்களும் ஆலைக்காரர்களும் கூச்சல் போடுகிறார்கள். போன ஜூலையில் நான் சின்ன விமானத்தில் பறந்து பார்த்தேன். சாலை அருமையாக இருக்கிறது என்று எழுதியும் கொடுத்தேன். அரசாங்கத்தில் இன்னொருவர் பார்க்கட்டும் என்கிறார்கள். நீ போய்ப் பார்த்துவிட்டு, என் அறிக்கையின் கீழே கையெழுத்துப் போடு."

ஆகாயத்திலிருந்து பார்த்தால் எந்தச் சாலைதான் அருமையாக இல்லை? என் கையெழுத்தும் விழுந்தால் அந்தக் கோப்பை நிலவறையில் போட்டுப் பூட்டுவார்கள். பத்து வருஷத்துக்கு யாரும் திறக்கப் போவதில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வண்டி ஓட்ட தில்லையம்பலம் வந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், கம்பெனியின் சர்வே ஆள்; வெளிவேலைதான், எங்கள் மாடிக்கு வருவதில்லை. அவனுக்கு ஸ்டியரிங்கும் வாயும் ஒரே சமயத்தில்தான் ஓடும். வழிச்சாப்பாட்டை என் மனைவி சாந்தா கட்டிக் கொடுத்தாள். புளியோதரை, வெள்ளைச் சாதம், ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையத் தயிர்.

அந்தத் தயிரைப் பற்றி இரண்டு வார்த்தை. சாந்தா கும்பகோணத்திலிருந்து வந்தபோது ஒரு கைக்குட்டையைத் தயிரில் நனைத்துக் காயவைத்து எடுத்து வந்தாள். இங்கே பாலில் அதை அலசி உறை ஊற்றினாள். அந்தக் காலத்தில் டொராண்டோவில் தமிழர்கள் சாப்பிட்ட தயிர் எல்லாம் அந்தக் கைக்குட்டையின் பேரன் பேத்திகள். ஆனால் இந்த ஊர்ப் பால் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது பாலா, மாடு குளிச்ச தண்ணியா?" என்பாள். எருமைத் தயிரின் ருசி வர வேண்டும் என்று, கேக் செய்கிறவர்கள் வாங்கும் கெட்டி க்ரீமை டப்பா டப்பாவாக வாங்கி அதிலேயே தயிர் தோய்த்தாள். கவிழ்த்தாலும் விழாது. அதன்மேல் செங்கல் வைத்தால் செங்கல்தான் சோர்ந்து போகும்.

மே மாதம், பனி உருகி முடிந்த சமயம். தார்ச்சாலை முடியும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க்; அங்கிருந்து மூன்று ஏரிவரை தொண்ணூறு மைல் மண் சாலை. அங்கே உட்கார்ந்து சாதத்தில் தயிரைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். தூக்கில் மூன்றில் ஒரு பங்கு காலி. மூடியை இறுக்கி, வண்டியின் பின்னால் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

சாலையா அது? நெளித்தகரத்தை நீளமாக விரித்து அதன்மேல் சரளைக்கல் கொட்டியது மாதிரி வரி வரியாக ஓடியது. மேடு பள்ளம் அளக்க ஒரு கருவி கொண்டு போயிருந்தோம். பத்து மைலுக்குள் அதன் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தால் கருவியையே காணோம். எங்களுக்கு எதிரே வந்த ஒரு மர லாரி, எங்களைப் பார்த்து நாலு சக்கரத்தாலும் கும்பிட்டுவிட்டுப் போனது.

"அண்ணை, உது றோட்டில்லை, ஆட்டுக்கல்!" என்று கத்தினான் தில்லை.

"மெல்லப் போடா!"

"மெல்லப் போனால் இன்னும் மோசம் அண்ணை! என்ர பல்லுக் கழண்டால் கொம்பனி கட்டித் தருமோ?"

எனக்கு அந்தப் பயணத்தில் இரண்டு அங்குலம் உயரம் கூடியது. டொராண்டோவுக்குத் திரும்பிய பிறகுதான் பழைய உயரத்துக்கு இறங்கினேன்.

மூன்று ஏரியில் எங்களை வரவேற்றது ஐரீன். அந்த ஊர்ப் பூர்வகுடிப் பெண், ஊருக்கு ஒரே நர்ஸ். அவளுடைய பழைய ஸ்டேஷன் வேகன்தான் அந்த ஊரின் ஆம்புலன்ஸ். எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். நான் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? தூக்கைத் திறந்தேன்.

தயிரைக் காணோம். வெளிறிய மோர் கிடந்தது. அதன் நடுவில், பூரண நிலா மாதிரி, ஒரு உருண்டை வெண்ணெய்.

தில்லை எட்டிப் பார்த்தான். "அண்ணை, றோட்டுக் கடைஞ்சு போட்டுது!"

ஐரீன் விரலால் தொட்டு ருசி பார்த்தாள். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பிரசவ வலியோடு இருக்கிற பெண்களை இதே சாலையில்தான் நான் கூட்டிப் போகிறேன். உங்கள் தயிருக்காவது மேலே மூடி இருந்தது."

அதற்குப் பிறகு நானும் சிரிக்கவில்லை. பக்கத்து ஒட்டுப்பலகை ஆலை மேனேஜரும் வந்து புலம்பினார். பனி உருகும் மாதங்களில் லாரிகளுக்குப் பாதிப் பாரம்தான். அதுவும் நகரம் போய்ச் சேரும்போது ஒட்டுப்பலகைகளின் மூலையெல்லாம் எலி கடித்தது போல் இருக்கும். இன்னொரு வருஷம் இப்படியே போனால் ஆலையை மூடிவிடுவார்கள். ஆலை போனால் ஊரில் பாதி வேலை போச்சு.

டொராண்டோவுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். கருவி உடைந்துவிட்டதால் எண் எதுவும் இல்லை. ஆகவே உள்ளதை எழுதினேன்: "இந்தச் சாலையின் கரடுமுரடு, ஒரு முனையில் வைத்த தயிர் மறுமுனையில் வெண்ணெயாகும் அளவு."

வில்லோபி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்ன, கட்டடம் முழுக்க என்னைக் கூப்பிட்டது.

"இதில் இருக்கும் வெண்ணெயை எடு."

"எடுக்க முடியாது சார். தானாக வந்தது."

"எண் இல்லாமல் நீ எழுதினால் என் பழைய அறிக்கைதான் நிற்கும். கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன். நீங்கள் அந்தச் சாலையில் ஒருமுறை உட்கார்ந்து வாருங்கள் சார். பறந்து அல்ல, உட்கார்ந்து. பிறகு என் பேனாவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்."

சாப்பாட்டு நேரத்தில் நரசிம்மன் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஓய் அழகேசன், நமக்கு எதுக்குய்யா இந்த வம்பு? வந்த எடத்துல நல்ல பேர் எடுத்தோமா, கொழந்தைகளைப் படிக்க வெச்சோமான்னு இல்லாம! புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ரோடு வெண்ணெய் கடையுமாம்!"

"சத்தியமா கடைஞ்சது சார்."

"நீர் சொல்ற எதைத்தான் ஓய் நம்பறது? போன வாரம் ஒண்டாரியோ ஏரியை நீந்தியே பாதி தாண்டினேன்னீர்."

"பாதிதானே சொன்னேன்!"

அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். சாந்தா அடுப்பை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என் தயிரைப் பொய்யின்னாரா அந்த ஆளு?"

"கிட்டத்தட்ட."

"கையெழுத்து மட்டும் போட்டுட்டு வாங்க. அப்புறம் இந்த வீட்டுல மோருகூடக் கிடையாது."

மறுநாள் என் அறிக்கையின் பிரதி ஒன்றை அரசாங்கத்தில் அந்தக் கோப்பைப் பார்க்கும் திருமதி ஹாலோவே என்ற அம்மாளுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவரைத் தாண்டிப் போவது என்பது நம் ஊர் ஆபீஸில் கொலைக்கு அடுத்த குற்றம். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் பால் பண்ணையில் பிறந்தவள். கூட்டம் அடுத்த வாரம். எனக்குக் காட்டுங்கள்" என்றார்.

வில்லோபிக்குக் கோபத்தில் கழுத்து சிவந்து, காது சிவந்து, கடைசியில் டை கூடச் சிவந்தது. ஆனால் நிபந்தனைகளை நிதானமாகப் போட்டார். ஒரே தயிர், இரண்டு தூக்கு. ஒன்று அவருடைய காரில், அவர் வீடு இருக்கும் ஸ்டவ்வில்லிலிருந்து ஆபீஸுக்கும், நகரத்துச் சாலைகளிலும் நாள் முழுக்கச் சுற்றும். இன்னொன்று வடக்கே போய்த் திரும்பும். இரண்டையும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். "இடம் இருந்தால்தானே நீ உள்ளே வெண்ணெய் வைப்பாய்?" மூடியில் டேப் ஒட்டி அவரே கையெழுத்துப் போடுவார். வடக்கே போகும் தூக்கை நான் தொடக்கூடாது. "நம் ஆபீஸிலேயே நம்பத் தகுந்த மனிதர் மடியில் வைத்துக்கொண்டு போகட்டும். மிஸ்டர் நரசிம்மன்!"

"யெஸ் சார்."

"அதில் வெண்ணெய் இல்லை என்றால் அழகேசன் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம்."

சம்மதித்துவிட்டேன். ஆனால் விளிம்புவரை என்பதுதான் உதைத்தது. முட்ட முட்ட நிரப்பினால் தயிர் எங்கே போய் மோதும்? அசைய இடம் இருந்தால்தான் கடையும். முதல் தடவை நாங்கள் சாப்பிட்டுக் காலி செய்த இடத்தில்தான் வெண்ணெய் பிறந்தது. சாந்தாவும் அதையே சொன்னாள். அதை வில்லோபியிடம் விளக்கினால் சாக்கு சொல்கிறான் என்பார். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது ஒரே ஒரு தடவைதான் நடந்தது.

நரசிம்மன் பின் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துண்டு, துண்டின்மேல் தூக்கு, தூக்கின்மேல் இரண்டு கை. பிள்ளையைத் தொட்டிலில் போடும் தாய்கூட அப்படிப் பிடித்ததில்லை. அவசரத்தில் அவர் வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டையில் சாதமும் ஊறுகாயும் மட்டும்தான் இருந்தது. வழியில் ஒவ்வொரு ஹோட்டலிலும் மெனுவைப் படித்தார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மிருகம் இருந்தது. உருளைக்கிழங்கைக்கூட எதிலே பொரித்தார்களோ என்று தொடவில்லை.

"அங்கிள், முட்டை சாப்பிடுவியளோ?" என்றான் தில்லை.

"ராமா! வண்டியை எடுப்பா."

பெட்ரோல் பங்க் வந்தது. நானும் தில்லையும் உள்ளே போய்ப் பணம் கட்டி, சக்கரத்துக்குக் காற்றும் பார்த்துவிட்டு வந்தோம். நரசிம்மன் அதே இடத்தில், அதே மாதிரி, தூக்கைப் பிடித்தபடி இருந்தார். முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிறகு சாலை தொடங்கியது. அவர் தலை கூரையில் இடித்தது, தோள் கதவில் இடித்தது. எதற்கும் கையைத் தூக்கிலிருந்து எடுக்கவில்லை. பாதி வழியில் "டிரைவர்! நாராயணா!" என்று இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அப்புறம் குனிந்து தூக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று ஏரியில் ஐரீன் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மாட்டேன் என்றார். டொராண்டோ திரும்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சாந்தாவிடம் பழைய பெட்டியை இறக்கச் சொன்னேன். "முதல்ல தூக்கைத் திறக்கட்டும்" என்று அவள் அசையவில்லை.

கூட்டம். மேஜையின் தலைமாட்டில் ஹாலோவே அம்மாள். ஒரு பக்கம் வில்லோபி, நரசிம்மன், நான்; எதிர்ப்பக்கம் ஆலை மேனேஜர், ஐரீன். ஐரீன் அத்தனை தூரமும் அந்த ஸ்டேஷன் வேகனையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பக்கத்து விளக்கு வழியிலேயே விழுந்துவிட்டதாம். நடுவில் இரண்டு எவர்சில்வர் தூக்குகள், நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாதிரி பளபளவென்று.

வில்லோபி முதலில் தன்னுடையதைத் திறந்தார். தயிர். சாந்தா தோய்த்தது தோய்த்தபடி, வெள்ளைச் சுவர். ஸ்பூனை நட்டார், அது நின்றது. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அடுத்ததை இழுத்து டேப்பைக் கிழித்து, மூடியைத் தூக்கினார்.

நான் கண்ணை மூடியிருந்தேன். ஐரீன் கைதட்டிய சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

வெண்ணெய்! போன தடவை உருண்டை. இந்தத் தடவை ஒரு பூசணிக்காய். அது அந்தத் தூக்குக்குள் எப்படி நுழைந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மோரில் மிதந்துகொண்டு மேஜையில் இருந்த எல்லோரையும் விசாரித்தது. யாரையும்விட அதிகம் அசந்து போனவன் நான்தான்.

வில்லோபி வெண்ணெயைப் பார்க்கவில்லை. டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பிரித்து ஒட்டியது! என் கையெழுத்து கோணலாக இருக்கிறது. தூக்கும் நான் நிரப்பச் சொன்ன அளவில் இல்லை. இவன் திறந்து வெண்ணெயைப் போட்டிருக்கிறான்!"

"சத்தியமாக நான் தொடவில்லை" என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. இத்தனை வருஷம் அளந்த அளப்பெல்லாம் சேர்ந்து வந்து மேஜையில் என் எதிரே உட்கார்ந்தது.

ஹாலோவே அம்மாள் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "வழியில் யாரோ வெண்ணெய் போட்டிருந்தால் இந்தக் கோப்பை இங்கேயே மூடுகிறேன். போடவில்லை என்றால், ஒரு சாலையைப் பற்றி இதைவிட எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்; வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். தூக்கு யாரிடம் இருந்தது?"

"மிஸ்டர் நரசிம்மனிடம்" என்றார் வில்லோபி. அவர் பக்கம் திரும்பி, குரலைத் தேனாக்கினார். "சொல்லுங்கள். வழியில் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அப்போது இவன் திறந்தான். அப்படித்தானே?"

நான் நரசிம்மனைப் பார்த்தேன். ஐரீனும் பார்த்தாள். "யெஸ் சார்" வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்தார். சட்டையில் ஒரு மடிப்புகூட நேராக இல்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு எந்த இஸ்திரிப் பெட்டிக்கும் அது அடங்கவில்லை.

"நோ சார்" என்றார்.

சுவரில் இருந்த கடிகாரம் நின்றது. நான் பார்த்தேன்.

"டேப்பைப் பிரித்தவன் நான். தார்ச்சாலை முடியும் இடத்தில். இவன் புளுகன் சார், இவன் சொல்வதை நான் நம்புவதே இல்லை. மனைவியும் இவனும் சேர்ந்து முன்பே உள்ளே வெண்ணெய் வைத்திருப்பார்கள் என்று சந்தேகம். அதனால் திறந்து, அடிவரை ஸ்பூன் விட்டுப் பார்த்தேன். அடிவரை தயிர்தான்." சட்டை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்குப் பசி சார். என் சாதத்தில் பிசைந்துகொள்ள ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டுவிட்டு, திரும்ப ஒட்டினேன். என்னை வேலையை விட்டு அனுப்பலாம்."

"அதன் பிறகு?" என்று கேட்டார் ஹாலோவே அம்மாள்.

நரசிம்மன் தூக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஆபீஸில் என்னிடம் தமிழில் உரக்கப் பேசாத மனிதர், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் என்னை நோக்கிக் கையை நீட்டித் தமிழிலேயே கத்தினார்:

"அதுக்கப்புறம் இந்தக் கையை நான் எடுக்கவே இல்லை ஓய்! மொதல்ல தளும்பித்து, அப்புறம் கனத்துது, அப்புறம் உள்ளே கட்டி முட்டித்து! நீர் சொன்னது அத்தனையும் நடந்தது ஓய், என் மடியிலேயே நடந்தது!"